வனஜா என்று கூப்பிட்டால்

கெல்சென்கிர்ச்சன்
9.2.2025

தங்கச்சி வனஜாவுக்கு,

கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் வாசி. ஆறு வருடமாக நீ என் போனை எடுக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்க நான் இதை எழுதவில்லை. உறையில் அனுப்புநர் பெயர் இல்லாததைப் பார்த்திருப்பாய். மறந்துபோய் விட்டது அல்ல.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் சுபானியைக் கண்டேன். கார்ல்ஸ்ரூஹேயில் மகளிடம் போய் நின்று வந்தவளாம். "உங்கட தங்கச்சி இனி இஞ்சையும் லைப்ரரியனாம் அக்கா. ஊரில படிச்ச சேட்டிபிக்கற் எல்லாத்துக்கும் இஞ்சத்தைய ஒப்புதல் எடுக்க அன்ராக் போடுறாவாம்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கையிலிருந்த பிரசாதத் தட்டைப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்த விண்ணப்பத்தை, அன்ராக்கை, போடாதே. போட்டே ஆக வேண்டுமென்றால் ஒக்டோபரில் போடு. அதுவும் ஏலாது என்றால் உன் பத்தாம் வகுப்பு ஓ.எல். சேட்டிபிக்கற்றை மட்டும் அவர்களிடம் கொடுக்காதே. சண்டையில் எரிந்துபோனது என்று சொல். எத்தனை பேருடையது எரிந்தது. நம்பாமலா விடப் போகிறார்கள்.

ஏன் என்று கேட்பாய். போனில் சொல்ல ஏலாது, என் போன் முக்கால்வாசி நேரம் பேத்தியின் கையில். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

பேத்தி கவிசா இப்போது ஆறாம் வகுப்பு. ஜேர்மன் வாசிப்புப் போட்டியில் முழு வகுப்பிலும் முதலாவது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் இருக்க இவளைத்தான் எடுத்தார்கள். அடுத்த சுற்று நகர நூலகத்தில் நடக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

வாசித்து முடிந்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அக்கா

*

கார்ல்ஸ்ரூஹே
18.2.2025

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. எழுத்துள்ள எதையும் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வந்த தேதியை மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம். அதிலும் "செய்யாதே". உங்களுக்கு என்ன தெரியும் என்று இதை எழுதினீர்கள்?

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஐந்து வருடமாக ஒரு கிளை நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, இலக்கம் பார்த்துத் தட்டில் வைக்கிறேன். உதவியாள். ஒரு பிள்ளை வந்து, "டைனோசர் புத்தகம் எங்கே?" என்று கேட்டால், அந்தத் தட்டில் என் கை இருந்தாலும், மேசையில் இருக்கிற அம்மாவிடம் போய்க் கேள் என்று அனுப்ப வேண்டும். ஊரில் இருபத்து நான்கு வருடம் அந்த மேசையில் இருந்தவள் நான்.

இந்த நாட்டில் நூலகருக்கு, வைத்தியருக்கு இருப்பது போல லைசென்ஸ் இல்லை. ஆனால் எங்கள் நகரசபை நூலகத்தில் மேசைக்குப் போக வேண்டுமானால் இங்கே படித்திருக்க வேண்டும். அல்லது நாங்கள் ஊரில் படித்தது இங்கத்தைய படிப்புக்குச் சமம் என்று மாநில அலுவலகம் எழுதித் தர வேண்டும். மேசையில் இருக்கிறவ ஒக்டோபரில் ஓய்வு பெறுகிறா. எங்கள் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜூலை முடியும் வரைக்கும் இந்த இடத்தை உங்களுக்காக வைத்திருக்கிறேன், கடுதாசியைக் கொண்டு வாருங்கள்" என்றா. எனக்கு ஐம்பத்தொரு வயது. இன்னொரு முறை ஒருவர் எனக்காக ஒரு கதிரையைப் பிடித்து வைத்திருக்கப் போவதில்லை.

ஆகவே அன்ராக் போன மாதமே கொடுத்தாயிற்று. டிப்ளோமா, சேவைக் கடிதங்கள், ஓ.எல்., எல்லாம் அசல்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஓ.எல். சேட்டிபிக்கற்றை அம்மா லாமினேற் பண்ணி வைத்தது உங்களுக்குத் தெரியும். ஊரில் பெறுமதியான எந்தக் கடுதாசியையும் அப்படித்தானே வைப்போம். இங்கே அசலை அப்படிச் செய்யக் கூடாதாம். அலுவலகப் பெண் முகத்தைச் சுளித்தா. பிறகு அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தா. பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றா. "பின்பக்கத்தில் வட்டமாக ஏதோ இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டா. எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

உங்களுக்குத் தெரியுமா?

2019இல் என் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியாக வரச் சொல்லி உங்களைக் கேட்டேன். எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே இரத்த உறவு நீங்கள். "வேதக்காரனைக் கட்டுறவளுக்கு நான் சாட்சி நிக்க மாட்டன்" என்று, அவர் கிறிஸ்தவர் என்பதற்காகப் போனை வைத்தீர்கள். இப்போது இதற்கும் குறுக்கே வருகிறீர்கள். எனக்கு ஒரு நல்லது நடப்பதை உங்களால் பார்க்கவே ஏலாதா?

வனஜா

*

கெல்சென்கிர்ச்சன்
26.2.2025

வனஜா,

தெரியும். அது ராசன் அண்ணையின் முத்திரை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

1988 ஜூன் மாதம் எனக்கு இருபது வயது. பதினாறுக்குக் குறைந்த பிள்ளை என்றால் விசா இல்லாமல் ஜேர்மனியில் இறங்கலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். உனக்குப் பதினாலு. நான் குச்சி மாதிரி இருந்தேன். இரட்டைப் பின்னல் பின்னி வெள்ளைச் சட்டை போட்டால் நம்பலாம் என்றான். உன் பிறப்புப் பத்திரத்தை வைத்துத்தான் எனக்குப் பாஸ்போட் எடுத்தார்கள். "கொழும்பு தாண்டுமட்டும்தான்" என்று அம்மா உனக்குச் சொன்னா. எனக்கும் அதைத்தான் சொன்னா.

பிராங்போட்டில் இறங்கினதும் பெயரைக் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் கொண்டுவந்த பெயரைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். அடுத்த நாள் மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். முப்பத்தேழு வருடமாகிறது, அந்த அடுத்த நாள் இன்னும் வரவில்லை.

இங்கே நான் வனஜா. கலியாணப் பதிவில் வனஜா, பிள்ளை பிறந்த பத்திரத்தில் வனஜா, வாசல் மணியில் வனஜா செல்வராசா. மகள் குமுதினிக்கும் நான் வனஜாதான். என் மனிசன் செல்வராசா மட்டும் ஒருவரும் இல்லாத நேரம் "கண்மணி, ஒரு தேத்தண்ணி" என்பார். அவர் போய் நாலு வருடம். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் என் பெயரால் கூப்பிட்டதில்லை.

1999இல் முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். பராமரிப்பு உதவியாளராகப் படிக்கலாம், பத்தாம் வகுப்புக் கடுதாசி இருந்தால் போதும் என்றார்கள். கண்மணியிடம் ஐந்தாம் வகுப்பு. வனஜாவிடம் ஓ.எல். இருந்தது. நான்தானே வனஜா. அம்மாவுக்கு எழுதினேன், அம்மா ஆள் மூலம் கொடுத்தனுப்பினா. ராசன் அண்ணை நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். அவர் மொழிபெயர்த்து, அசலின் பின்பக்கத்தில் தன் முத்திரையைக் குத்தினார். இங்கத்தைய அலுவலகம் சரி என்று ஏற்றுத் தங்கள் முத்திரையையும் குத்தியது. வேலை முடிந்ததும் அம்மாவுக்கே திருப்பி அனுப்பினேன். அந்த முத்திரைகளை நீ காணக் கூடாது என்றுதான் அம்மா பின்னுக்கு ஒரு வெள்ளைத் தாள் வைத்து லாமினேற் பண்ணினா. வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள் என்று அம்மா கண்டாவா.

உன் கலியாணத்துக்கு வராததும் இதனால்தான். சாட்சிக்காரர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கலியாணப் பொம்பிளைக்கும் சாட்சிக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, தகப்பன் நாகமுத்து. அந்த மேசையில் வைத்து உன் கலியாணத்தை நிறுத்தியிருப்பார்கள். அதனால் வாயில் வந்த கெட்ட காரணத்தைச் சொன்னேன். உன் மனிசன் அந்தோனிப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் கண்டதில்லை. அவர் வேதக்காரரோ சைவக்காரரோ எனக்கு என்ன.

இப்போது ஏன் ஒக்டோபர் என்று சொல்கிறேன். எனக்கு ஜேர்மன் பிரஜாவுரிமை தந்தது 2015 செப்டெம்பர் 19. பொய் சொல்லி எடுத்தது என்று பத்து வருடத்துக்குள் கண்டுபிடித்தால் பறிக்கலாமாம், அதற்குப் பிறகு ஏலாதாம். "வேற ஒரு ஆளுக்காகக் கேக்கிறன் அண்ணை" என்று ராசன் அண்ணையிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "அந்த வேற ஆளிட்டச் சொல்லு, செப்டெம்பர் பத்தொன்பது வரைக்கும் தபால்பெட்டியைக்கூடச் சத்தம் கேட்கத் திறக்க வேண்டாம் எண்டு" என்றார்.

ஏழு மாதம், வனஜா. கடுதாசியைத் திருப்பி வாங்கு. உன்னை நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா

*

கார்ல்ஸ்ரூஹே
20.3.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. மூன்று தரம் வாசித்தேன். என் பெயரில் ஒருத்தி கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேத்தி கண்டு, புருஷனையும் எரித்திருக்கிறா. நான் ஊரில் நாற்பத்தைந்து வயது வரைக்கும் தனியே இருந்தபோது, வனஜாவுக்கு இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

திருப்பி வாங்கப் போனேன். பிந்திவிட்டது.

12ஆம் தேதி வரச் சொல்லித் தேர்மின் தந்திருந்தார்கள். மேசையில் இரண்டு கோப்பு. ஒன்று என்னுடையது. மற்றது பழுப்பு நிறம், உங்கள் பக்கத்திலிருந்து வரவழைத்தது. லாமினேற்றைக் கவனமாக வெட்டிப் பிரித்திருந்தார்கள். அம்மா வைத்த வெள்ளைத் தாள் தனியே கிடந்தது. அந்தப் பெண் சேட்டிபிக்கற்றைத் திருப்பி வைத்து, இரண்டு முத்திரைக்கும் பக்கத்தில் பென்சில் முனையை வைத்தா. "1999இல் நீங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருந்தீர்களா, திருமதி அந்தோனிப்பிள்ளை?" என்று கேட்டா. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. "அவசரமில்லை. யோசித்து எழுதித் தாருங்கள். நான்கு கிழமை இருக்கிறது" என்றா. கதவு வரைக்கும் வந்து என் கோட்டை எடுத்துத் தந்தா. இந்த நாட்டில் ஒரு அலுவலகத்தில் என்னிடம் ஒருவரும் அவ்வளவு மரியாதையாக நடந்ததில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பெயரை எடுத்தது அம்மாவின் வேலை, அதை விடுகிறேன். சேட்டிபிக்கற்றை எடுத்தது நீங்கள். எட்டுப் பாடமும் நான் எழுதினது. ஹெலிகொப்டர் சுற்றும்போது பங்கருக்குள் இறங்கி, போனதும் ஏறி வந்து, குப்பி விளக்கில் படித்து எழுதினது. 1995இல் வேலை கிடைத்து எட்டாம் மாதம் ஊரே இடம்பெயர்ந்தது. சனம் அரிசியும் நகையும் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் நூலகத்தின் புத்தகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது புத்தகம் பாதிதான் இருந்தது. ஆனால் என்ன இருந்தது, என்ன போனது என்று சொல்ல என்னிடம் பதிவேடு இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு புத்தகத்துக்கு ஒரு இலக்கம். ஒரே இலக்கத்தில் இரண்டு புத்தகம் தட்டில் இருந்தால் எது சரி என்று நின்று யோசிக்க மாட்டோம். இரண்டையும் இறக்கிக் கீழே வைத்துவிடுவோம். அதன் பிறகுதான் விசாரணை.

இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

வனஜா

*

கெல்சென்கிர்ச்சன்
24.4.2025

வனஜா,

உனக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. என்ன எழுதினாய் என்று ஒரு வரி போடு.

எனக்கும் கடிதம் வந்தது. சட்ட அறிவித்தல் வருகிற மஞ்சள் உறையல்ல, சாதாரண வெள்ளை உறை. பிரிக்காமல் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். கவிசாவை உலைக்கு அரிசி அள்ளச் சொன்னது என் புத்தி கெட்ட வேலை. "அம்மம்மா, அரிசிக்குள்ள கடிதம் இருக்கு" என்று தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பிரித்துவிட்டாள். போட்டிக்கு வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி, வாசித்தாள். 1999ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சான்றிதழ் தொடர்பாகச் சில கேள்விகள் எழுந்திருக்கிறதாம். பிறகு தொடர்புகொள்வார்களாம். தேதி போடவில்லை.

"அம்மம்மா, இவை பிழையா எழுதியிருக்கினம். உங்கட பேரில, உங்கட பிறந்தநாளில இன்னொரு ஆள் இருக்கிறாவாம்."

"எழுதுறவைக்கு என்ன. வை அதை."

"அப்ப நீங்கள்தான் உண்மையான ஆள் எண்டு எழுதிக் குடுங்கோ. நான் எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ."

பேனையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சட்டியில் எண்ணெய் கருகுகிறது என்று சொல்லி எழும்பினேன்.

போன சனிக்கிழமை அவளுடைய போட்டி. நகர நூலகத்தில் முன்வரிசையில் என்னை இருத்தினார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கதவுக்குள் போனதில்லை. நூலகர் ஒரு மெல்லிய மனிசி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. ஒரு பிள்ளை வாசிக்கப் பயந்து அழுதபோது பக்கத்தில் முழங்காலில் இருந்து ஏதோ காதுக்குள் சொன்னா. பிள்ளை சிரித்துவிட்டு வாசித்தது. கவிசாவுக்கு இரண்டாமிடம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவளைப் பார்க்கவில்லை, அந்த மனிசி போய் இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மரக் கதிரைதான்.

முதியோர் இல்லத்தில் நேற்று ஒரு பெரிய உடம்புக்காரியைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேலாளர், "ஐம்பத்தொரு வயதுக்கு இப்படியா" என்று சிரித்தார். எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது என்று யாரிடம் சொல்ல. உன் வயதில் நான் ஓய்வு பெறுவதற்கு இன்னும் பதினாறு வருடம் தூக்க வேண்டும்.

இனி நான் ஒன்றும் கேட்கவில்லை. என்ன எழுதினாய் என்பதை மட்டும் சொல். வாசலில் மணி அடிக்கும்போதெல்லாம் அடுப்பை நிறுத்திவிட்டுப் போய்த் திறக்கிறேன், திரும்பி வர நேரமாகுமோ என்று.

அக்கா

*

கார்ல்ஸ்ரூஹே
28.8.2025

அக்காவுக்கு,

நாலு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் நீங்கள் மறித்திருப்பீர்கள்.

ஏப்ரலில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான். அந்தச் சேட்டிபிக்கற் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிற வனஜாவினுடையது. சோதனை எழுதினது அவ. நான் அவவின் தங்கை. அவவின் பெயரையும் கடுதாசிகளையும் எடுத்துக்கொண்டு 2019இல் இங்கே வந்தவள் நான். என் உண்மையான பெயர் கண்மணி.

உங்கள் பெயரைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். குறை நினைக்க வேண்டாம்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தும் விட வேண்டாம். நான் அதை எழுதின அன்று கோபத்தோடுதான் எழுதினேன். ஆனால் உட்கார்ந்து எழுதும்போது ஒரு சிலேட்டு ஞாபகம் வந்தது. எனக்கு ஐந்து வயது. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டீர்கள். உங்கள் சிலேட்டை என் கையில் தந்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டீர்கள். அம்மா வருத்தம் வந்து படுக்கையில், வீட்டில் சமைக்க ஆள் இல்லை. சட்டத்தின் மூலையில் "கண்மணி" என்று கீறியிருந்தது. நான் அதற்குக் கீழே ஆணியால் என் பெயரைக் கீறினேன். ஏன் ஒரே சிலேட்டில் இரண்டு பெயர் என்று ஆசிரியை கேட்டா.

மேசை வேலைக்கு ஒரு இளம் பெண்ணை எடுத்துவிட்டார்கள். தலைவி என்னிடம் நூலகக் கதவுத் திறப்புக் கோர்வையைத் திருப்பி வாங்கினா. "விசாரணை முடியும் வரைக்கும்தான்" என்றா. தள்ளுவண்டியையும் வேறொருவர் தள்ளுகிறார். என்னை யாரும் ஏசவில்லை. ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தோனிப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப நான் கலியாணம் கட்டினது ஆரை?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு போய் என் விசா அட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது வனஜா என்ற பெயரில் வந்த விசா. இப்போது வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. செப்டெம்பர் 17, காலை ஒன்பதரை, எல்லா அசல் பத்திரங்களும், கணவரும் வர வேண்டும். "தேவையான பொருட்களை எடுத்து வைக்கட்டுமோ?" என்று அவர் கேட்கிறார். என்னை அங்கேயே மறித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

உங்கள் தேதிக்கு அதிலிருந்து இரண்டு நாள்தான். இழுத்துவிடுவேன். இருபத்து நான்கு வருடம் ஆட்களைச் சத்தம் போடாதே என்று சொன்னவள், அன்றைக்கு மட்டும் நிறுத்தாமல் கதைக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு நீங்கள் பயப்படாமல் கதவைத் திறக்கலாம். கவிசாவின் இரண்டாமிடத்துக்கு என் வாழ்த்து. என்ன புத்தகம் வாசித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை.

வனஜா

*

கெல்சென்கிர்ச்சன்
12.9.2025

என் தங்கச்சி வனஜாவுக்கு,

உறையைப் பார்த்திருப்பாய். இந்தமுறை அனுப்புநர் பெயர் எழுதியிருக்கிறேன். தபால்காரனுக்கு நான் யாரென்று தெரியாது. பரவாயில்லை, உனக்குத் தெரியும்.

நீ படித்தவள். ஆண்டைப் பார்க்காமல் விட்டாயா, பார்த்தும் எழுதினாயா?

கெல்சென்கிர்ச்சன் வனஜா 1988 ஜூன் மாதம் இந்த நாட்டில் அகதியாகப் பதிந்தவள். விரல் அடையாளமும் படமும் வைத்திருக்கிறார்கள். உன் ஓ.எல். சோதனை நடந்தது 1989 டிசெம்பரில், யாழ்ப்பாணத்தில். இங்கே முகாமில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றவள் அங்கே போய் எப்படி எட்டுப் பாடம் எழுதினாள்? 1999இல் ராசன் அண்ணை இதைக் கண்டார். "பாடம் பாஸோ எண்டுதான் பாப்பினம் பிள்ளை, ஆண்டைப் பாக்க மாட்டினம்" என்றார். அன்றைக்குப் பார்க்கவில்லை. இப்போது இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறார்கள். பதினேழாம் தேதி அந்த ஒரு கேள்வியைக் கேட்பார்கள். நீ எவ்வளவு கதைத்தாலும் அதற்குப் பதில் இல்லை. அப்போது நீ சொன்னதும் பொய், நான் வாழ்ந்ததும் பொய். இரண்டையும் இறக்கிக் கீழே வைப்பார்கள் என்று எழுதினவள் நீதான்.

எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரியும். அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

சித்திரையிலேயே ஊருக்கு எழுதி என் பிறப்புப் பத்திரத்தின் பிரதி கேட்டிருந்தேன். ஏன் கேட்டேன் என்று அப்போது தெரியாது. போன கிழமை வந்தது. கண்மணி, தகப்பன் நாகமுத்து, 1968. மொழிபெயர்க்க ராசன் அண்ணையிடம் கொண்டுபோனேன். "அந்த வேற ஆள் நீதான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "இன்னும் பதினொரு நாள் பொறுத்தால் நீ தப்பலாம்" என்றும் சொன்னார்.

"அவள் தப்ப மாட்டாள் அண்ணை" என்றேன். "இந்தமுறை முத்திரையை முன்பக்கத்தில குத்துங்கோ."

என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியாது. பாஸ்போட்டைப் பறிக்கலாம். இத்தனை வருடம் இருந்ததைப் பார்த்து வேறு கடுதாசி தரலாம், தராமலும் விடலாம். "பிள்ளையளுக்கு ஒண்டும் வராது" என்றார். கதவடியில் வந்து நின்று, "வராது எண்டுதான் நினைக்கிறன்" என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தோடுதான் நாலு நாளாக இருக்கிறேன்.

குமுதினியிடம் சொன்னேன். "முப்பத்து மூண்டு வருஷம் என்ர அம்மான்ர பேர்கூட எனக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பயணப் பையைத் தேடி எடுத்துத் தந்தாள். கவிசா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நீங்கள் ஐஞ்சு வயசு கூட. அதுதான் படியேற மூச்சு வாங்குது" என்றாள். பிறகு ஒரு தாளில் "கண்மணி செல்வராசா" என்று பெரிதாக எழுதிக் கீழே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தாள். நான் சொல்லவில்லை. அவளாகச் செய்தது. ஒன்று கேட்டாயே, அவள் வாசித்தது தனியாகக் கப்பலேறிப் போகிற ஒரு பெண்பிள்ளையின் கதை.

16ஆம் தேதி ரயிலில் வருகிறேன். இரவு உன் வீட்டில் தங்கலாமா என்று அந்தோனிப்பிள்ளையைக் கேட்டுச் சொல். தம்பி என்று கூப்பிட்டால் ஏற்றுக்கொள்வாரோ தெரியாது. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு எடுத்து வைக்க ஒரு பொருளும் வேண்டாம். என்னுடைய பையே போதும்.

பத்தொன்பதாம் தேதி வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவளாகவே சாகிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. அவர்கள் உன்னை நூலகர் என்று எழுதித் தருகிறார்களோ இல்லையோ, எட்டுப் பாடமும் உன்னுடையது என்று அவர்களுடைய முகத்துக்கு நேரே, என் அரைகுறை ஜேர்மனில், நானே சொல்வேன்.

ஒன்றே ஒன்று. அலுவலகங்களில் வெளியே இருந்து காத்திருக்க ஒரு வாங்கு இருக்கும். உள்ளேயிருந்து ஒருவர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வனஜா என்று கூப்பிட்டால் நீ எழும்பு. நான் எழும்பக் கூடாது. முப்பத்தேழு வருடமாக அந்தப் பெயருக்கு எழும்பிப் பழகிவிட்டது, கால் என்னைக் கேட்காமல் எழும்பும்.

எழும்பினால், என் தோளில் கை வைத்து அமத்தி இருத்திவிட்டு நீ போ. என்னை எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது வருகிறேன்.

கண்மணி